துடுப்பைத் தொடும் முன்

வேல்ஸ் நாட்டின் ப்ளின்லிமன் மலையில் பிறக்கும் வை ஆறு சுமார் 250 கிலோமீட்டர் ஓடி, செப்ஸ்டோ ஊரைக் கடந்து, செவர்ன் கழிமுகத்தில் சேர்கிறது. ஹே, ஹெர்ஃபோர்ட், ராஸ், மன்மத் என்று அதன் கரை ஊர்களைச் சொன்னாலே பிரிட்டனில் படகு வலிப்பவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான ஆறுகளில் பொதுமக்கள் படகு விடலாமா கூடாதா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. வை ஆற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஹே பாலத்திலிருந்து கீழே கடல்வரை யாரும் படகு ஓட்டலாம். அதனால் கோடை விடுமுறையில் அங்கே கனூக்கள் வரிசை கட்டி இறங்கும்.

கனூ என்பது மேலே மூடாத, இரு முனையும் கூரான, ஏறத்தாழ 5 மீட்டர் நீளப் படகு. இரண்டு பேர் மண்டியிட்டோ உட்கார்ந்தோ ஆளுக்கொரு ஒற்றைத் துடுப்பால் வலிப்பார்கள். நல்லதாக ஒன்று வாங்க 1,000 பவுண்டுக்கு மேல் ஆகும், வைக்க இடமும் வேண்டும். அதனால் பலர் உள்ளூர் கனூ மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, சிறு கட்டணம் கொடுத்து, வார இறுதிக்கு மன்றப் படகை எடுத்துப் போகிறார்கள். கொட்டகையில் சில படகுகள், துடுப்புகள், மிதவை அங்கிகள், கயிறுகள், கையெழுத்துப் போட ஒரு நோட்டு. அவ்வளவுதான் மன்றத்தின் சொத்து. சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்தான் அதைக் கட்டிக் காக்கிறார்கள்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு அங்கே கொஞ்சம் சலிப்பு வருவதுண்டு. படகைக் கேட்டால் கேள்விகள் வருகின்றன. எந்த இடத்தில் இறங்குவீர்கள், எங்கே ஏறுவீர்கள்? இன்று ஆற்றின் மட்டம் எவ்வளவு? வழியில் தடுப்பணை உண்டா, அதன் எந்தப் பக்கம் கரையேற வேண்டும்? எத்தனை பேர் போகிறீர்கள்? படகு கடைசியாக எந்த நீரில் இருந்தது, காய்ந்துவிட்டதா? நுழைவுத் தேர்வு போல ஏன் இத்தனை என்று தோன்றும். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் கொஞ்சம் இயற்பியலோ உயிரியலோ இருக்கிறது. சிலவற்றின் பின்னால் மரணமும் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நீர்மட்டம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை ஆறுகளின் கரையில் அளவுமானிகள் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைப் பதிவு செய்து, பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் போடுகிறது. மலையில் நேற்றுப் பெய்த மழை இன்று வெயிலடிக்கும் ஹெர்ஃபோர்டில் வெள்ளமாக வந்து நிற்கலாம். தலைக்கு மேல் இருக்கும் வானத்தைப் பார்த்து ஆற்றை எடை போடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அளவைக் கேட்கிறார்கள். மட்டம் ஏறினால் வேகமும் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. போன வாரம் குழந்தைகளோடு ஆடிப் பாடிப் போன அதே இடம் இந்த வாரம் வேறு ஆறாகிவிடுவது இதனால்தான்.

இந்த விசையின் அளவு மனசில் பதிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. ஆறு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமாக நடப்பவரைவிடச் சற்றே கூடுதல் வேகம். அந்த நீரில் ஒரு கனூ குறுக்கே திரும்பி, பாறையில் மோதி, வாய்ப்பக்கம் நீரோட்டத்தைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டால், அதன் மேல் விழும் விசை ஏறக்குறைய அரை டன் எடைக்குச் சமம். இரண்டு பேர் பிடித்து இழுத்து எடுக்கக்கூடிய சங்கதி இல்லை. படகுக்கும் பாறைக்கும் இடையில் ஒரு கால் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே மன்றங்களில் முதல் நாளே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள்: பாறையில் பக்கவாட்டில் இடிக்கப் போகிறது என்று தெரிந்தால் பாறையின் பக்கம் சாய வேண்டும், வேண்டுமானால் அதைக் கட்டிப் பிடிக்க வேண்டும். மனித இயல்பு நேர் எதிர். இடிக்க வரும் பொருளிடமிருந்து உடம்பு தானாக விலகும். விலகினால் படகின் மேல்விளிம்பு நீரோட்டம் வரும் திசையில் தாழும். ஓடிவரும் நீர் அதன் மேல் ஏறி உள்ளே கொட்டும். ஒரு நொடியில் படகு நிறைந்து கவிழும். பாறைப் பக்கம் சாய்ந்தால் நீர் படகின் அடிப்பாகத்துக்குக் கீழே நழுவி ஓடிவிடும். இயல்பை மீறிச் செய்ய வேண்டிய செயல் என்பதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாது, பழக வேண்டும்.

கவிழ்ந்து நீரில் விழுந்தவருக்கும் இப்படி இயல்புக்கு மாறான விதி ஒன்று உண்டு. ஓடும் ஆற்றில் முழங்காலுக்கு மேல் நீர் இருக்கும் இடத்தில் எழுந்து நிற்கக் கூடாது. அடியில் கற்களுக்கு இடையே பாதம் செருகிக்கொண்டால் பின்னாலிருந்து வரும் நீர் உடம்பை முன்னால் மடக்கித் தலையை மூழ்கடித்துவிடும். மார்பளவு ஆழம்கூட இல்லாத இடத்தில் நல்ல நீச்சல்காரர்கள் மாண்டது இப்படித்தான். மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, பாத விரல்கள் நீருக்கு மேல் தெரிய மிதந்து, மெல்லக் கரை ஒதுங்க வேண்டும்.

இனி ஆற்றைப் படிப்பது. பழகிய படகோட்டியின் கண் எப்போதும் முப்பது நாற்பது மீட்டர் முன்னால் நீரின் மேற்பரப்பில் இருக்கும். நீருக்குள் மறைந்த பாறை மேற்பரப்பில் ஒரு அம்புமுனைக் கோலத்தைப் போட்டுக் காட்டிக் கொடுக்கும். கூர்முனை உங்களை நோக்கி, அதாவது மேலோட்டத்தை நோக்கி இருந்தால் அந்த முனையில் பாறை இருக்கிறது. கூர்முனை உங்களை விட்டு விலகிக் கீழே காட்டினால், இரண்டு தடைகளுக்கு நடுவே நீர் வழவழப்பாகப் புகுந்து போகிறது, வழி அங்கே. பெரிய பாறையின் பின்புறம் நீர் தேங்கி, மெல்லச் சுழன்று, எதிர்த்திசையில் பாறையை நோக்கியே திரும்பி வரும். ஓட்டம் பாறையைச் சுற்றிப் பிரிந்து போகும்போது பின்னால் அழுத்தம் குறைவதால் நேர்வது இது. இந்தச் சுழிநீர் படகோட்டிக்குக் கிடைக்கும் வரம். வேகமான ஆற்றின் நடுவிலேயே அதில் ஒதுங்கி நின்று மூச்சு வாங்கலாம், அடுத்த வளைவைப் பார்க்கலாம், பின்னால் வருபவருக்குக் காத்திருக்கலாம். ஆனால் அதன் எல்லைக்கோட்டில் இரண்டு எதிர் ஓட்டங்கள் உரசுகின்றன. படகைச் சாய்க்கும் திசை தெரியாமல் அந்தக் கோட்டைக் கடப்பவர்தான் அதிகமாகக் கவிழ்வார்.

வளைவுகளின் கதை இன்னும் சுவையானது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926-ல் ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட சான்று ஒரு தேநீர்க் கோப்பை. இலை போட்ட தேநீரைக் கரண்டியால் கலக்கிவிட்டால், இலைகள் ஓரத்துக்கு வீசப்படாமல் அடியில் நடுவே வந்து குவியும். மேலே உள்ள நீர் வேகமாகச் சுற்றுகிறது; அடியில் உள்ளது கோப்பையின் தரையோடு உராய்ந்து மெதுவாகச் சுற்றுகிறது. ஆகவே மேல்நீர் ஓரத்தை நோக்கிப் போய், சுவரோடு கீழிறங்கி, அடிவழியாக நடுவுக்குத் திரும்பி வருகிறது. இலைகளை வாரிக்கொண்டு வருகிறது. ஆற்று வளைவிலும் இதே ஓட்டம். மேல்நீர் வெளிக்கரையில் மோதிக் கீழிறங்கி அதை அரிக்கிறது. அடிநீர் அரித்த மணலை உட்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. வெளிக்கரை செங்குத்தாகவும் ஆழமாகவும், உட்கரை மணல்திட்டாகவும் இருப்பதன் காரணம் இது.

படகோட்டிக்கு இதில் என்ன? அரிக்கப்பட்ட வெளிக்கரையில் நிற்கும் மரம்தான் வேர் பிடிப்பிழந்து ஆற்றுக்குள் சாயும். வில்லோவும் ஆல்டரும் அப்படிச் சாய்ந்து கிடப்பதை வை ஆற்றில் நெடுகப் பார்க்கலாம். எந்த ஓட்டம் அந்த மரத்தைச் சாய்த்ததோ அதே ஓட்டம், சும்மா மிதந்து வரும் படகையும் அந்த மரத்திடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். சாய்ந்த மரத்தின் கிளைகளுக்கு இடையே நீர் புகுந்து போய்விடும். ஆளும் படகும் போக முடியாது. பின்னால் வரும் நீரின் விசை முழுதும் அவர்களைக் கிளையோடு வைத்து அழுத்தும். அனுபவசாலிகள் சீறும் பாறைச்சரிவைவிட அமைதியான வளைவில் கிடக்கும் இந்த மரத்துக்கே அதிகம் அஞ்சுவார்கள். வளைவுக்கு முன்னதாகவே உட்கரைப் பக்கம் ஒதுங்கு, மறுபுறம் கண்ணுக்குத் தெரியும்வரை வேகத்தைக் கட்டு என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காக.

இப்போது தடுப்பணை. இந்தக் கட்டுரையில் வாசகர் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வார் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஆலைகளுக்காகவும் படகுப் போக்குவரத்துக்காகவும் பிரிட்டனின் ஆறுகளில் பல நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்ட சிறு தடுப்பணைகள் ஏராளம். பலவற்றின் உயரம் ஓர் ஆள் மட்டம்கூட இல்லை. மேலிருந்து வரும் நீர் வழுக்கி விழுந்து, ஆற்றின் அடிமட்டம்வரை பாய்ந்து, சற்றுத் தள்ளி மேலே பொங்குகிறது. பொங்கிய நீரில் ஒரு பகுதி கீழோட்டத்தில் போகிறது. மறு பகுதி மேற்பரப்பில் பின்னோக்கி, அணையின் காலடிக்கே திரும்பி வருகிறது. அங்கே விழும் நீரோடு சேர்ந்து மறுபடி அடிக்குப் போகிறது. மிதக்கும் எந்தப் பொருளும் இந்தச் சக்கரத்துக்குள் அகப்பட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். மரக்கட்டைகளும் கால்பந்துகளும் நாள்கணக்கில் ஓரிடத்திலேயே உருண்டுகொண்டிருப்பதை அணைகளின் கீழே காணலாம். மனித உடலும் மிதக்கும் பொருள்தான்.

அதற்கு மேல் ஒரு கொடுமை. அந்த வெண்ணுரையில் பாதி காற்று. நீரில் காற்று கலந்தால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் மிதவை விசையும் குறையும். மிதவை அங்கி போட்டவர்கூட அதில் வழக்கத்தைவிட ஆழமாகவே மிதப்பார். துடுப்பு பிடிமானம் இல்லாமல் நுரையைக் கிளறும். இயற்கையான பாறைச்சரிவில் இப்படிப் பின்னிழுக்கும் நீர் உருவானாலும் எங்காவது ஓர் இடைவெளி, ஒரு கோணல் இருக்கும். அதன் வழியே வெளியேறலாம். மனிதன் கட்டிய அணை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஒரே சீராக இருக்கும். ஓரங்களில் கற்சுவர். தப்பிக்க இடுக்கே இல்லாமல் கட்டிவைத்திருக்கிறோம்.

வெள்ளத்தின்போது அணை ஆபத்தில்லாததாகத் தோன்றும் என்பதுதான் மிகப் பெரிய ஏமாற்று. கீழ்ப்பக்க நீர்மட்டமும் ஏறிவிடுவதால் வீழ்ச்சியின் உயரம் குறைந்து, சத்தமும் அடங்கி, ஒரு சிறு மடிப்பு மட்டும் தெரியும். உள்ளே பின்னிழுக்கும் நீரோ முன்பைவிட நீண்டு, வலுத்துக் கிடக்கும். மேலிருந்து வரும் படகோட்டிக்குக் கண்ணில் படுவது ஆற்றின் குறுக்கே ஒரு நேர்க்கோடு மட்டுமே. கோட்டுக்கு அப்பால் மரங்களின் தலை தெரியும், அடி தெரியாது. இந்தக் காட்சியைக் கண்டவுடன் கரை ஒதுங்க வேண்டும். வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து, எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தால் இன்னும் நல்லது.

2021 அக்டோபர் 30 அன்று மேற்கு வேல்ஸில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரத்தில் கிளெடாவ் ஆற்றில் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நின்றபடி வலிக்கும் பலகைகளில் ஒரு குழுவினர் கட்டணம் கட்டிய சுற்றுலாவாகப் போனார்கள். கனமழைக்குப் பின் ஆறு பெருகி ஓடியது. ஊருக்குள் இருந்த தடுப்பணையைப் பற்றி வந்தவர்களுக்கு முறையாக எச்சரிக்கவில்லை. நான்கு பேர் இறந்தார்கள். விசாரணை நடத்திய கடல் விபத்து ஆய்வுத் துறை 2022-ல் வெளியிட்ட அறிக்கை திட்டமிடல் போதாமையையும், பலகையை உடலோடு பிணைத்த வார்கள் ஓடும் நீருக்கு ஏற்றவையாக இல்லாததையும் எடுத்துக்காட்டியது. சுற்றுலாவை நடத்திய நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2025-ல் பத்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம்பி வந்தவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. அவர்கள் கையில் துடுப்பு கொடுக்கப்பட்டது, தகவல் கொடுக்கப்படவில்லை.

நம் ஊர்த் தடுப்பணைகளில் குளிக்கப் போனவர்கள் மாண்ட செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாளிதழில் வருகிறது. "சுழல் இழுத்துக்கொண்டது" என்று எழுதுகிறார்கள். பல இடங்களில் அந்தச் சுழல் என்பது மேலே சொன்ன சக்கரமே. நீச்சல் தெரிந்த இளைஞர்கள்கூட ஏன் மீள முடிவதில்லை என்பதற்கு விடையும் அதில் இருக்கிறது.

அடுத்தது குளிர். பிரிட்டன் ஆறுகளின் நீர் குளிர்காலத்தில் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெயில் சுடும் மே மாதத்திலும் நீர் சூடேறியிருக்காது. 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் தோலின் குளிர் உணர்விகள் ஒரே கணத்தில் தூண்டப்பட்டு, கட்டுப்படுத்த முடியாத ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது நீர். தொடர்ந்து மூச்சு வாங்கும், இதயத்துடிப்பு எகிறும், இரத்த அழுத்தம் ஏறும். குளிர்நீரில் இறப்பவர்கள் உடல் விறைத்துத்தான் இறக்கிறார்கள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் போன்றவர்களின் ஆய்வு இந்த முதல் சில நிமிடங்களின் அதிர்ச்சியே பலரைக் கொல்கிறது என்று காட்டியது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று நினைவில் வைக்கச் சொல்கிறார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம்.

அந்த முதல் நிமிடத்தைக் கடத்தித் தருவது மிதவை அங்கி. நீந்த வேண்டாம், மல்லாந்து மிதந்தால் போதும் என்று பிரிட்டனின் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் சில ஆண்டுகளாகப் பிரசாரம் செய்வதும் இதற்காகத்தான். கனூவுக்குப் பயன்படுத்தும் அங்கி 50 நியூட்டன் மிதவை தருவது. கைகளை வீசித் துடுப்பு வலிக்க வசதியாக இருக்கும். நினைவு தப்பியவரை முகம் மேலே இருக்கும்படி புரட்டிப் போடும் சக்தி அதற்குக் கிடையாது. வார்களை இறுக்கிய பிறகு இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறி வந்தால் அளவு சரியில்லை. கொட்டகையில் இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. வியர்க்கிறது என்று அங்கியைக் கழற்றிப் படகுக்குள் போட்டு வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. எலிக்காய்ச்சல் நமக்குப் புதிதல்ல. அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இங்கிலாந்தின் மெல்லோட்ட ஆறுகளிலும் எலி, மாடுகளின் சிறுநீர் வழியாகக் கலக்கிறது. காயத்தை நீர்புகாமல் கட்டுவதும், சாப்பிடும் முன் கை கழுவுவதும் முதல் காப்பு. ஆற்றில் போய்வந்த சில வாரங்களுக்குள் கடும் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஆற்றைப் பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது.

இதுவரை சொன்னது ஆற்றிடமிருந்து நம்மைக் காப்பது. நம்மிடமிருந்து ஆற்றைக் காப்பது மறு பாதி.

வை ஆறு சால்மன் மீனுக்குப் பெயர் போனது. கடலில் வளர்ந்த சால்மன் ஆற்றில் ஏறி வரும்; இலையுதிர் காலத்தின் முடிவில், சரளைக்கல் பரவிய ஆழமற்ற இடத்தில், பெண்மீன் வாலால் குழி பறித்து முட்டையிட்டுச் சரளையால் மூடும். முட்டைகள் குளிர்காலம் முழுதும் அந்தக் கற்களுக்கு இடையே ஊடுருவும் ஆக்சிஜன் நிறைந்த நீரில் கிடந்து வசந்தத்தில் பொரிக்கும். நீர் குறைந்த நாளில் படகின் அடி சரளையில் கரகரவென்று உரசிக்கொண்டு போகும்போதோ, இறங்கிப் படகை இழுத்துக்கொண்டு நடக்கும்போதோ காலடியில் அந்தக் கூடு இருக்கலாம். படகு தரைதட்டும் அளவுக்கு நீர் குறைந்திருந்தால் அன்று அந்தப் பகுதியைத் தவிர்ப்பதே முறை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். படகுகளால்தான் மீன்வளம் அழிகிறது என்று தூண்டில்காரர்களில் ஒரு சாரார் நெடுங்காலமாகக் குற்றம் சாட்டி வந்தனர். 2000-ல் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்று காணவில்லை. வை ஆற்றின் இன்றைய துயரத்துக்குப் பெரிய காரணம் வேறு. அதன் வடிநிலத்தில் சுமார் 2 கோடிக் கோழிகள் பண்ணைகளில் வளர்கின்றன. எருவிலிருந்து கசியும் பாஸ்பரஸ் ஆற்றில் சேர்ந்து, வெயில் நாட்களில் நீர் பச்சைக் குழம்பாகிறது. வெண்பூக்கள் பூக்கும் ரனன்குலஸ் நீர்ச்செடி வெளிச்சமின்றி மடிகிறது. 2023-ல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே இந்த ஆற்றின் நிலை மேலும் சரிந்துவருவதாக அறிவித்தது. இத்தனை நோயோடு போராடும் ஆற்றில் நாமும் ஒரு கீறல் போட வேண்டாம் என்பதே என் வாதம். மேலும், கெட்டுப்போன நீரை முதலில் கண்டு சொல்வதும் பெரும்பாலும் படகில் போகிறவர்கள்தான்.

தூண்டில்காரர் விஷயத்தில் கொஞ்சம் இங்கிதம் போதும். தூரத்திலேயே பார்த்துப் பேச்சைக் குறைத்து, எந்தப் பக்கம் போகட்டும் என்று கையசைத்துக் கேட்டு, தூண்டில் கயிற்றுக்கு எட்டாமல், ஒரே மூச்சில் கடந்துபோக வேண்டும். அவர் முன்னால் நின்று சுற்றிச் சுற்றி விளையாடுவதுதான் சண்டைக்கு வித்து. செங்குத்தான மண் கரைகளில் கோடையில் மணல்குருவியும் மீன்கொத்தியும் வளை தோண்டிக் குஞ்சு வளர்க்கும். அங்கே படகை ஒட்டி நிறுத்தினால் தாய்ப்பறவை இரையோடு கூட்டுக்கு வர முடியாமல் தவிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று உண்டு. "படகு காய்ந்துவிட்டதா?" என்ற கடைசிக் கேள்வி அதைப் பற்றியது. 2010-ல் கேம்பிரிட்ஜ்ஷயரின் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் "கொலைகார இறால்" என்று அழைக்கப்படும் ஓர் அயல் உயிரினம் கண்டுபிடிக்கப்பட்டது. கருங்கடல் பகுதியைச் சேர்ந்த இந்தச் சிறு உயிர், பசிக்காவிட்டாலும் உள்ளூர்ப் பூச்சிகளையும் சிறு மீன்களையும் கடித்துக் குதறும். ஈரமான அங்கியின் மடிப்பில் அது நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மிதக்கும் பென்னிவார்ட் என்ற கொடி வசதியான சூழலில் ஒரு நாளில் 20 சென்டிமீட்டர்வரை வளரும். படகில் ஒட்டிய ஒரு துண்டு போதும், புது ஆற்றில் வேர்விட்டுவிடும். 1970-களில் வளர்ப்புக்குக் கொண்டுவந்த, அமெரிக்காவைச் சேர்ந்த சிக்னல் நன்னீர்நண்டு பூஞ்சை போன்ற ஓர் உயிரி உண்டாக்கும் கொள்ளைநோயைச் சுமந்து வந்தது. பிரிட்டனின் சொந்த வெண்கொடுக்கு நன்னீர்நண்டு அதனால் ஆறு ஆறாக அழிந்தது. நோயின் வித்துகள் பயணிக்க நண்டுகூடத் தேவையில்லை, ஈரம் காயாத கருவிகளே போதும்.

இவற்றில் அதிகாரிகளுக்கு மிகுந்த கிலி தருவது நார்வே அனுபவம். அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற ஒட்டுண்ணி 1970-களில் அந்த நாட்டுக்குள் புகுந்து, சுமார் 50 ஆறுகளில் பரவி, சால்மன் குஞ்சுகளின் தோலை அரித்துக் கொன்றது. பல ஆறுகளை மீட்க ஆறு முழுதும் மருந்திட்டு எல்லா மீன்களையும் கொன்று, பிறகு புதிதாகக் குஞ்சு விட வேண்டியதாயிற்று. பிரிட்டனுக்குள் அது இன்னும் வரவில்லை. வராமல் இருப்பது, வெளிநாட்டு ஆறுகளில் படகு வலித்துத் திரும்புபவர் தன் அங்கியையும் படகையும் என்ன செய்கிறார் என்பதையும் பொறுத்தது.

பரிகாரம் எளிது. 2011-ல் பிரிட்டன் அரசு தொடங்கிய இயக்கத்தின் மூன்று சொற்கள்: சரிபார், கழுவு, காயவை. படகின் உட்புறத்தைத் துடைத்து, இருக்கையின் அடியில், கயிற்று முடிச்சில், காலணியின் பள்ளத்தில் செடியோ சேறோ இருக்கிறதா என்று பார்த்து, ஏறிய இடத்திலேயே அகற்ற வேண்டும். பிறகு கழுவி, தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காயவிட வேண்டும். காய நேரமில்லையென்றால் 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைப்பது இந்த உயிர்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மன்றப் படகு சனிக்கிழமை ஓர் ஆற்றிலும் ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் கையில் வேறோர் ஆற்றிலும் இருக்கும். சொந்தப் படகுக்காரரைவிட வாடகைக்கு எடுப்பவருக்கு இதில் பொறுப்பு கூடுதல். நோட்டில் எந்த ஆறு என்று எழுதச் சொல்வது வெறும் கணக்குக்காக இல்லை.

சட்டம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடாவில், சாகச மையம் ஒன்று அழைத்துச் சென்ற கயாக் பயணத்தில் நான்கு பள்ளி மாணவர்கள் குளிர்ந்த கடலில் மாண்டனர். அடுத்த ஆண்டு அந்த மையத்தை நடத்திய நிறுவனம் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றது. 1995-ல் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான சாகச மையங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கச் சட்டம் வந்தது. தன் உறுப்பினர்களுக்கு மட்டும் வசதி செய்து தரும் தன்னார்வ மன்றங்கள் அந்த உரிமக் கட்டாயத்துக்குள் வரவில்லை. அங்கே அரசின் ஆய்வாளர் வந்து நிற்க மாட்டார். கொட்டகை வாசலில் கேட்கும் கேள்விகளும், குளத்தில் வைத்துக் கவிழ்த்துப் பழக்கும் பயிற்சியும், வழி அறிந்த ஒருவரோடு கூட்டாகப் போகும் வழக்கமும்தான் அந்த ஆய்வாளரின் வேலையைச் செய்கின்றன.

படிக்கவோ வேலைக்கோ அந்த நாட்டுக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் பலர் கோடையில் நண்பர்களோடு கனூ எடுக்கப் போகிறார்கள். போகட்டும்; ஆற்றின் மட்டத்திலிருந்து, கரைகளுக்கு நடுவே பார்க்கும் உலகம் சாலையிலிருந்து தெரியவே தெரியாது. அருகிலுள்ள மன்றத்தில் தொடக்கநிலை வகுப்பில் சேருங்கள். ஒரு முறையாவது பாதுகாப்பான நீரில் கவிழ்ந்து எழுந்து பாருங்கள். அங்கியின் வாரை இறுக்கச் சொன்னால் இறுக்குங்கள். யாராவது ஆற்றின் மட்டத்தைச் சொல்லாமல், தடுப்பணை எங்கே என்று காட்டாமல், உங்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் படகைத் தள்ளிவிட்டால், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.